உப்பின் கை ஓங்கிய கடல்

ஐப்பசி பிறந்துவிட்டால் வானிலைச் செய்திகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: வங்கக் கடலின் மேற்பரப்பு வெப்பநிலை 29 டிகிரி, புயல் வலுப்பெறச் சாதகமான சூழல். கடல் சூடாக இருந்தால் ஆவி எழும், ஆவி எழுந்தால் மழை வரும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? பச்சைமலைச் சரிவில் மரவள்ளி போட்டிருப்பவருக்கும், ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் குடியிருப்பவருக்கும் அந்த 29தான் செய்தி. திருச்சி மாவட்டத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில், அந்தக் கடலிலிருந்துதான் வருகிறது. ஆனால் கப்பலின் ஓரத்தில் நின்று கருவியை இறக்கிக் கடல்நீரை அளப்பதே தொழில் என்று ஆகிவிட்டவர்களுக்கு அந்த எண் பாதிச் செய்திதான். அந்த நீரில் உப்பு எவ்வளவு என்பது மறுபாதி. வங்காள விரிகுடாவில் எந்த நீர் மேலே நிற்கும், எது கீழே இறங்கும், காற்று எத்தனை மீட்டர் வரை கலக்கும், வெயிலின் சூடு எவ்வளவு ஆழத்தில் தேங்கும் என்பதையெல்லாம் முதலில் முடிவு செய்வது உப்பு. வெப்பத்தின் முறை அதற்கு அப்புறம்தான். பாடப்புத்தகம் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது என்பதால் இதைக் கொஞ்சம் வாதாடித்தான் நிறுவ வேண்டியிருக்கிறது.

பாடப்புத்தகக் கணக்கில் பிழை ஒன்றும் இல்லை. கடல்நீரின் அடர்த்தி வெப்பம், உப்பு, அழுத்தம் ஆகிய மூன்றையும் பொறுத்தது. இதில் அழுத்தத்தைச் சீக்கிரமே ஒதுக்கிவிடலாம். 28 டிகிரி சூடும் கிலோவுக்கு 35 கிராம் உப்பும் உள்ள மேற்பரப்பு நீர், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1022 கிலோ எடை இருக்கும். நாலாயிரம் மீட்டர் ஆழத்து நீர் 1045 கிலோ அளவுக்கு வரும். அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி மேலிருந்து அழுத்தும் நீரால் வந்தது. ஆனால் ஒரே ஆழத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நீருக்கும் அழுத்தம் ஒன்றுதான். தராசின் இரண்டு தட்டிலும் ஒரே கல்லைப் போட்டது போல, யார் மேல் யார் கீழ் என்ற தீர்ப்பை அது மாற்றுவதில்லை. மிச்சம் வெப்பமும் உப்பும். உப்பின் கணக்கு எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றே: கிலோவுக்கு ஒரு கிராம் உப்பு கூடினால் கன மீட்டருக்கு முக்கால் கிலோவுக்குச் சற்று முன்பின்னாக எடை கூடும். வெப்பம் அப்படியல்ல. 28 டிகிரியில் இருக்கும் நீரை ஒரு டிகிரி சூடாக்கினால் கன மீட்டருக்குச் சுமார் 0.33 கிலோ குறையும். உறைநிலையை ஒட்டிய நீரை அதே ஒரு டிகிரி சூடாக்கினால் 0.1 கிலோகூடக் குறையாது. ஆகவே குளிர்ந்த கடல்களில் வெப்பம் தன் பிடியை இழக்கிறது, அங்கே உப்பு ஆள்கிறது; வெப்பமண்டலத்தில் வெப்பம் ஆள்கிறது. எடி கார்மாக் என்ற கடலியலாளர் 2007-இல் இந்த இரண்டு வகைக்கும் ஆல்ஃபா கடல், பீட்டா கடல் என்று பெயரே வைத்தார். வெப்பக் கடல்கள் எல்லாம் ஆல்ஃபா, துருவக் கடல்கள் பீட்டா. உலக வரைபடத்தில் பார்த்தால் அழகான பிரிவினைதான். வங்காள விரிகுடாவின் வடபாதி மட்டும் இதில் அடங்க மறுக்கிறது. கடகரேகைக்குத் தெற்கே, 28 டிகிரி சூட்டில் கிடந்துகொண்டு, ஆண்டின் பெரும்பகுதி அது ஆர்க்டிக் கடலின் குணத்தோடு நடந்துகொள்கிறது.

உப்பின் வேறுபாடு அவ்வளவு அற்பமாயிற்றே, அது எப்படி இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்யும் என்று கேட்கலாம். கிலோவுக்கு 35 கிராம் என்பது 32 ஆனால் நாக்குக்குக்கூட வித்தியாசம் தெரியாது. உண்மைதான். ஆனால் கடலில் அடர்த்தியின் மொத்த விளையாட்டும் ஆயிரத்தில் சில பங்குக்குள் முடிந்துவிடுகிறது. இந்தக் களத்தில் மூன்று கிராம் என்பது பெரிய தொகை. மேலே சொன்ன இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால் போதும்: வங்கக் கடலின் சூட்டில் ஒரு கிராம் உப்புக் குறைவு இரண்டேகால் டிகிரி சூடு கூடியதற்குச் சமம். தென்மேற்குப் பருவமழை முடிந்த நாட்களில் விரிகுடாவின் வடக்கே மேற்பரப்பில் 30 கிராமுக்கும் கீழே இறங்கும் உப்பு, ஐம்பது நூறு மீட்டர் ஆழத்தில் 34, 35 என்று ஏறிவிடும். நாலு கிராம் வித்தியாசம் என்றே வைத்துக்கொள்வோம். வெப்பத்தால் மட்டும் அதே அடுக்கை உண்டாக்க வேண்டுமானால் மேல்நீர் கீழ்நீரைவிட ஒன்பது டிகிரிக்கும் அதிகமாகச் சூடாக இருக்க வேண்டும். உப்பு அதை ஓசையில்லாமல் செய்துவிடுகிறது.

பிறகு ஏன் எல்லோரும் வெப்பத்தையே பேசுகிறார்கள்? என் கணிப்பில் இது கருவி உண்டாக்கிய பழக்கம். வெப்பமானி மலிவு, துணிவாளியில் நீர் மொண்டு அதற்குள் வெப்பமானியை முக்கிப் பார்த்த கப்பல்காரர்கள் நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாகக் குறித்துவைத்திருக்கிறார்கள். 1980-களிலிருந்து செயற்கைக்கோள்கள் கடலின் மேல்தோல் சூட்டை நாள்தோறும் படமாகத் தருகின்றன. உப்பு அப்படிக் கைக்கு வருவதில்லை. 1901-இல் டென்மார்க்கின் மார்ட்டின் நுட்சன் வெளியிட்ட அட்டவணைகளை வைத்து, வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் கணத்தைக் கண்ணால் பிடித்து உப்பைக் கணக்கிட்ட காலம் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 1959 முதல் 1965 வரை நடந்த சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணங்களில்கூட, கவிழும் குப்பிகளும் கவிழும் வெப்பமானிகளுமே முக்கியக் கருவிகள். ஓரிடத்தில் சில டஜன் ஆழங்களுக்கு மேல் எடுக்க முடியாது. அந்த முயற்சியின் தொடர்ச்சியாகத்தான் இன்று கோவாவில் இருக்கும் தேசியக் கடலியல் நிறுவனம் 1966 ஜனவரியில் பிறந்தது.

இப்போது சி.டி.டி. இருக்கிறதே என்றால், அதுவும் உப்பை நேரடியாக அளப்பதில்லை. அந்தக் கருவி நீரின் மின்கடத்தலையும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளக்கிறது. மூன்றையும் சேர்த்து உப்பைக் கணக்கிட்டுக்கொள்கிறோம். மின்கடத்தல் உப்புக்கு அசைவதைப் போலவே வெப்பத்துக்கும் அசையும் என்பதில்தான் சிக்கல். வின்சிலிருந்து கேபிள் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவில் இறங்கிக்கொண்டிருக்கும்போது, வெப்ப உணரியும் கடத்தல் உணரியும் ஒரே துளி நீரை ஒரே கணத்தில் பார்ப்பதில்லை; ஒன்று முந்தும், மற்றது நொடியில் சிறு பின்னம் பிந்தும். நீர் சீராக இருக்கும் ஆழத்தில் இது தெரியவே தெரியாது. சூடு மளமளவென்று சரியும் அடுக்கைக் கடக்கும்போது மட்டும் திரையில் உப்பின் கோடு முள் போலக் குத்திக்கொண்டு நிற்கும். புதிதாக வருபவர்கள் அதைப் பார்த்து மெல்லியதோர் உவர்நீர் அடுக்கைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பூரித்துப்போவது உண்டு. அது நீரில் இல்லை, இரண்டு உணரிகளின் காலப்பிசகில் இருக்கிறது. இரண்டு தரவையும் ஒன்றுக்கொன்று நகர்த்திப் பொருத்தினால் மறைந்துவிடும். கருவியை நம்பலாமா என்று பார்க்கவே, மேலே ஏறும்போது ரோசெட் வளையத்திலுள்ள நிஸ்கின் குப்பிகளை வெவ்வேறு ஆழங்களில் மூடி நீரைப் பிடித்துவருகிறோம். தளத்துக்கு வந்ததும் உப்புக்கான கண்ணாடிப் புட்டியை அதே நீரால் மூன்று முறை அலச வேண்டும், தோள் வரை நிரப்ப வேண்டும், வாயின் திருகுமறையை ஒட்டத் துடைத்து மூட வேண்டும். மறையில் காய்ந்த ஒரு துளி உப்பு உள்ளே விழுந்தால் மூன்றாவது தசமம் போய்விடும். புட்டி ஆய்வறைச் சூட்டுக்கு வந்த பிறகு சாலினோமீட்டரில் வைத்து, தரப்படுத்திய கடல்நீரோடு ஒப்பிடுகிறோம். அந்தத் தரநீர் வட அட்லாண்டிக்கிலிருந்து எடுக்கப்படுவது. வங்கக் கடலின் உப்புக்கும் படிக்கல் அங்கேயிருந்துதான். இவ்வளவு வேலை வாங்கும் ஓர் அளவை, ஒரு கம்பியை நீரில் விட்டுப் படித்துவிடக்கூடிய அளவோடு போட்டிபோட்டால் எது பிரபலமாகும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, சாட்சிக்கு வருவோம். உப்பே ஆள்கிறது என்பதற்கு என்னைக் கேட்டால் மார்கழி, தை மாதங்களில் விரிகுடாவின் வடபகுதியில் எடுக்கப்படும் எந்த ஒரு சி.டி.டி. வரைகோடும் போதும். அங்கே மேலே இருப்பது குளிர்ந்த நீர், அதற்குக் கீழே இருப்பது சூடான நீர். கண்டத்திலிருந்து வீசும் வறண்ட வாடைக்காற்று மேல்நீரின் சூட்டை உறிஞ்சிவிடுகிறது. ஒரு டிகிரி, சில இடங்களில் இரண்டு டிகிரிக்கும் மேல் அது கீழ்நீரைவிடக் குளிர்ந்துவிடுகிறது. வெப்பம் மட்டும் அடர்த்தியை முடிவு செய்வதானால் அந்த மேல்நீர் ஒரு நாள் தங்காது, அமிழ்ந்துவிட வேண்டும். வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. உப்பு குறைந்திருப்பதால் குளிர்ந்த பிறகும் அது லேசாகவே இருக்கிறது. பி. தடத்தில் முதலிய கோவா நிறுவனத்து ஆய்வாளர்கள் 2002-இல் பல ஆண்டுத் தரவுகளைத் திரட்டி, இந்தத் தலைகீழ் அடுக்கு எங்கோ எப்போதோ நடக்கும் விபத்தல்ல, குளிர்காலந்தோறும் வருவது என்று காட்டினார்கள். வெப்பத்தின் ஆட்சியில் இப்படியோர் அடுக்குக்கு இடமே இல்லை.

இயற்கையே வைத்துக்கொடுத்த இன்னொரு சோதனையும் உண்டு. அரபிக்கடலும் வங்காள விரிகுடாவும் ஒரே அட்சரேகைகளில், ஒரே வெயிலின் கீழ், ஒரே பருவக்காற்றுக்கு உட்பட்டுக் கிடக்கின்றன. நடுவில் நம் தீபகற்பம் மட்டும். அரபிக்கடலில் ஆவியாவது அதிகம், ஆறுகள் குறைவு; அதன் மேல்நீரில் உப்பு 36 கிராமைத் தாண்டும். விரிகுடாவில் மழையும் ஆறுகளும் சேர்ந்து ஆவியாவதை மிஞ்சிவிடுகின்றன. கங்கையும் பிரம்மபுத்திராவும் மட்டுமே ஆண்டுக்கு ஆயிரம் கன கிலோமீட்டர் அளவுக்கு நன்னீரைக் கொட்டுகின்றன, ஐராவதி வேறு. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும் அரபிக்கடல் கலக்கப்பட்டுக் குளிர்கிறது. விரிகுடாவோ 28 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கிறது. எஸ். எஸ். சி. ஷெணாய், டி. சங்கர், சதீஷ் ஷெட்யே மூவரும் 2002-இல் இரண்டு கடல்களின் வெப்ப வரவுசெலவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அரபிக்கடலில் பலமான காற்று சூட்டைக் கீழே தள்ளிவிடுகிறது. விரிகுடாவில் காற்றும் மெலிது, அதோடு நன்னீர் மூடி அந்தக் கலப்பைத் தடுத்துவிடுகிறது. இங்கே நியாயமாகவே ஒரு தடை எழுப்பலாம்: காற்றின் வேகமும் வேறுபடுகிறதே, எல்லாப் புகழும் உப்புக்கா? முழுப்பங்கு அல்ல என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காற்று மாறாத ஓரிடத்திலேயே நன்னீர் வந்து சேர்ந்ததும் என்ன நடக்கிறது என்று பார்த்த சான்று 1999-இல் கிடைத்தது. அந்த ஆண்டு பருவமழையின்போது சாகர் கன்யா கப்பல் விரிகுடாவின் வடக்கே ஒரே இடத்தில் நின்று நாள்தோறும் அளந்துகொண்டிருந்தபோது நன்னீர்ப் பெருக்கு ஒன்று அந்த இடத்துக்கு வந்தது. முப்பது மீட்டர் வரை ஒன்றாகக் கலந்திருந்த மேல்நீர் சில நாட்களிலேயே பத்து மீட்டராகச் சுருங்கியது. அந்தப் பத்து மீட்டருக்குக் கீழே, சூடு அப்படியே இருக்க உப்பு மட்டும் ஏறும் ஓர் அடுக்கு உருவானது. மேலே நடக்கும் கலப்புக்கும் கீழே இருக்கும் குளிர்நீருக்கும் இடையே அது சுவராக நிற்பதால் தடுப்பு அடுக்கு என்கிறார்கள். பி. என். வினயச்சந்திரனும் கூட்டாளிகளும் 2002-இல் இதை விவரித்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான கேள்வி இன்னும் மிச்சம் இருக்கிறது. காற்றுக்கு உப்பு தெரியாது. மேகத்துக்கும் தெரியாது. வளிமண்டலம் கடலிடமிருந்து வாங்குவது சூட்டையும் ஈரத்தையும்தான். சுலோச்சனா காட்கில், பி. வி. ஜோசப், என். வி. ஜோஷி ஆகியோர் 1984-இல் காட்டியபடி, பெருமேகக் கூட்டங்கள் எழுவதற்குக் கடலின் சூடு ஏறக்குறைய 28 டிகிரியைத் தாண்ட வேண்டும். அப்படியானால் மழைக்கு வேண்டியது வெப்பநிலைதானே, உப்பைப் பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு? பேச்சு எதற்கென்றால், அந்த வெப்பநிலை நாளை என்ன ஆகும் என்பது உப்பில் இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் கடலுக்கு 100 வாட் சூடு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பத்து மீட்டர் தடிமனுள்ள அடுக்குக்குள் தேங்கினால் நாளொன்றுக்கு 0.2 டிகிரி ஏறும். ஐந்து நாளில் ஒரு டிகிரி. ஐம்பது மீட்டரில் பரவினால் அதே ஒரு டிகிரி ஏற மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். தணிவதும் அப்படியே: மெல்லிய அடுக்கு மேகமூட்டத்தில் சட்டென்று குளிர்ந்து, வெயில் வந்ததும் சட்டென்று ஏறிக்கொள்ளும். விரிகுடாவின் மேல் மழை ஓரிரு வாரம் பொழிந்து, ஓய்ந்து, மறுபடி பொழிவதற்கும் கடலின் இந்த வேகமான ஏற்ற இறக்கத்துக்கும் தொடர்பு தேடி 1999 முதல் கப்பல்கள் போய்க்கொண்டிருப்பது சும்மா இல்லை. இன்றைய சூட்டை வெப்பமானி சொல்லும். அந்தச் சூடு நிலைக்குமா என்று அதனிடம் கேட்டால் பதில் கிடையாது.

புயலில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். புயல் தன் அடியில் இருக்கும் கடலைக் கலக்கிவிடும். கீழிருந்து குளிர்நீர் ஏறி வந்து மேற்பரப்பைக் குளிர்விக்கும். அந்தக் குளிர்ச்சி புயலின் தீனியைக் குறைக்கும். இது கடல் தரும் இயற்கையான கடிவாளம். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் தேபாசிஸ் சென்குப்தாவும் கூட்டாளிகளும் 2008-இல் காட்டியது என்னவென்றால், கோடைப் புயல்களின் தடத்தில் கடல் இரண்டு மூன்று டிகிரி குளிர்கிறது, தென்மேற்குப் பருவமழைக்குப் பிந்திய மாதங்களில் விரிகுடாவின் வடக்கே வரும் புயல்களின் தடத்தில் அப்படிக் குளிர்வதில்லை. மேலே உப்புக் குறைந்த மூடி, அதற்குக் கீழேயும் சூடான நீர். புயல் கலக்கினாலும் மேலே வருவது சூடான நீர்தான். கடிவாளம் கழன்றுவிடுகிறது. புயல் முன்னறிவிப்பில் சூடு 26 டிகிரியாகக் குறையும் ஆழம் வரை தேங்கிய வெப்பத்தைக் கணக்கிட்டுச் சேர்த்துக்கொள்கிறார்களே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. எவ்வளவு சூடு இருக்கிறது என்று அந்தக் கணக்கு சொல்கிறது. அதைக் கிளறி மேலே கொண்டுவரப் புயலுக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது அடர்த்தியின் கணக்கு, அதில் உப்பு இல்லாமல் எதுவும் நடக்காது. அதற்காக ஒவ்வொரு புயலின் பின்னாலும் உப்பை நிறுத்துவதும் சரியல்ல. 2018 நவம்பரில் கஜா பல நாள் மிதமான புயலாகவே கடலைக் கடந்துவந்து கரையை நெருங்கும்போது வலுத்தது. 16-ஆம் தேதி அதிகாலை வேதாரண்யம் அருகே ஏறி, டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்து, மணப்பாறை வரை உள்ளே வந்தது. இத்தகைய நடத்தையில் மேல்காற்றின் திசைமாற்றத்துக்கும் வறண்ட காற்றுக்கும் பெரிய பங்குண்டு. கடல் எவ்வளவு கொடுக்கும் என்பது வரை மட்டுமே என் வாதம் போகும்.

இதெல்லாம் கொல்கத்தாப் பக்கத்துச் சமாச்சாரம், நம் கரைக்கு இதில் என்ன இருக்கிறது என்பது அடுத்த தடை. 2005 மே மாதத்திலிருந்து கோவா நிறுவனம் செய்துவந்த ஓர் எளிய வேலை இதற்குப் பதிலாக நிற்கிறது. இந்தியக் கரையோரம் எட்டு இடங்களில், ஐந்து நாளுக்கு ஒருமுறை, மீனவர்கள் முழங்கால் ஆழத்தில் நின்று ஒரு புட்டி கடல்நீரைப் பிடித்துக்கொடுத்தார்கள். கரையோர நீர் ஆழ்கடலுக்குப் பிரதிநிதியாகுமா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு, வெளிக்கடல் அளவுகளோடு ஒப்பிட்டுப் பொருந்துகிறது என்று காட்டினார்கள். 2014-இல் வெளிவந்த முடிவு இதுதான்: தென்மேற்குப் பருவமழையின் இறுதியில் விரிகுடாவின் வடக்கே உப்பு கிலோவுக்குப் பத்து கிராமுக்கும் மேல் சரிகிறது, அந்த நன்னீர், கரையை ஒட்டிச் சுமார் நூறு கிலோமீட்டர் அகலமுள்ள பட்டையாகத் தெற்கே ஓடி, இரண்டரை மாதத்தில் தீபகற்பத்தின் தென்முனைக்கு வந்து சேர்கிறது. கடலுக்குள் ஓர் ஆறு என்றே அந்தக் கட்டுரையின் தலைப்பில் போட்டார்கள். அதாவது, வடகிழக்குப் பருவம் உச்சத்தில் இருக்கும்போது கடலூர், நாகப்பட்டினம் கரையோரம் பாய்வது பெரும்பாலும் கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி கலந்த நீர்.

அந்தக் கூட்டத்தில் காவிரியின் பங்கு என்ன என்று திருச்சிக்காரர்கள் கேட்பார்கள். முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் வெள்ளம் திறந்துவிடப்படும்போதெல்லாம், நீர் கடலில் வீணாகக் கலக்கிறது என்ற கூக்குரல் எழும். கடலியல்காரர்கள் சிலர் இதற்குப் பதிலாக, ஆற்றுநீர் வீணல்ல, கடலின் அடுக்கைக் கட்டுவதே அதுதான் என்று சொல்லிவிடுகிறார்கள். விரிகுடா முழுவதற்கும் அது உண்மை. காவிரிக்கு அதைச் சொல்வது மிகை. 2007-இல் நடுவர் மன்றம் தன் இறுதித் தீர்ப்பில் காவிரியின் மொத்த நீராக எடுத்துக்கொண்டது 740 டி.எம்.சி. கன கிலோமீட்டரில் அது இருபத்தொன்று. கங்கை, பிரம்மபுத்திராவில் ஐம்பதில் ஒரு பங்கு. அதிலும் தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதாகத் தீர்ப்பு ஒதுக்கியது 4 டி.எம்.சி. மட்டும். காவிரி நின்றாலும் ஓடினாலும் விரிகுடாவின் அடுக்கு அசையாது. கழிமுகத்துக்கு மட்டும் அது வாழ்வா சாவா என்ற விஷயம். அங்கே இந்தச் சண்டையைச் சிறிய அளவில் பார்த்துவிடலாம். பச்சைமலையில் விழும் மழையின் ஒரு பகுதி சின்னாறு வழியாக வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அந்தக் கரையில்தான் இருக்கிறது. தமிழகத்தில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட கழிமுகங்களில் அது ஒன்று. கார்த்திகை வெள்ளத்தில் அங்கே மேலே ஆற்றுநீர் கடலை நோக்கிப் போகும்போது அடியில் உவர்நீர் நாக்கு நீட்டி உள்ளே வரும். இரண்டுக்கும் சூட்டில் பெரிய பேதம் கிடையாது. பிரித்து வைத்திருப்பது உப்பு மட்டும்.

வெப்பத்தின் பக்கம் நின்று பேசுபவர்களிடம் இன்னொரு துருப்புச்சீட்டு உண்டு: கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய கடலின் சூட்டையே சிப்பிகளை வைத்துச் சொல்லிவிடுகிறார்களே, உப்பை யார் கேட்டார்கள்? இதற்கான பதில் பச்சைமலைக்குக் கிழக்கே கிடக்கிறது. பாடாலூர்ப் பக்கம் ஊட்டத்தூர், காரை என்று போனால் செடி முளைக்காத களிமண் மேடுகளும் ஓடைகளும், அவற்றில் ஜிப்சத் தகடுகளும், விரல் போன்ற பெலம்னைட் கற்களும், சுருண்ட அம்மோனைட்டுகளும். பத்துக் கோடி ஆண்டு அளவில் கடல் வந்து நின்ற இடம் அது. 1850-களின் இறுதியில் அந்தப் பகுதியை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்து, 1862-இல் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று படிவத் தொகுதிகளாகப் பிரித்தவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். அதே மனிதர்தான் 1875-இல் இந்திய வானிலைத் துறைக்கு முதல் தலைவரானார். பழைய கடலையும் இன்றைய மழையையும் ஒரே ஆள் படித்த காலம்; இப்போது இரண்டு துறையினரும் ஒரே கூட்டத்தில் உட்காருவதே அபூர்வம்.

சிப்பியின் சுண்ணாம்பில் கனமான ஆக்சிஜனுக்கும் லேசான ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதத்தை வைத்து நீரின் சூட்டைச் சொல்லலாம் என்று 1940-களில் ஹரால்ட் யூரி வழிகாட்டினார். அந்த அளவைக்குப் படிக்கல்லாக வைக்கப்பட்டதும் ஒரு பெலம்னைட்தான், அமெரிக்காவின் தென் கரோலினாவிலிருந்து எடுத்தது. முறை அருமையானது, ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. மழைநீரிலும் ஆற்றுநீரிலும் கனமான ஆக்சிஜன் குறைவு. நன்னீர் கலந்த கடலில் வளர்ந்த ஓடு, உண்மையில் இருந்ததைவிடச் சூடான நீரில் வளர்ந்தது போலக் காட்டும். உப்பு எவ்வளவு என்று தெரியாமல் சூட்டைச் சொல்ல முடியாது. அந்தப் பழைய கடலில் ஆற்றுநீர் சேர்ந்தது என்பதற்கு ஊகம் வேண்டாம். காரைக்கு அருகே சாத்தனூரில், 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்ட பதினெட்டு மீட்டர் நீளக் கல்மரம் கடற்படிவுக்குள்தான் கிடக்கிறது. கரையில் வளர்ந்த மரம் கடலுக்குள் வந்தது நீரோடுதான். இன்றைய விரிகுடாவின் அடிச்சேற்றிலும் இதே பிரச்சினைதான். 2014 நவம்பரிலிருந்து 2015 ஜனவரி வரை ஜாய்டீஸ் ரெசல்யூஷன் கப்பல் அங்கே துளையிட்டு எடுத்த சேற்றில், நுண்ணுயிரி ஓடுகளில் மெக்னீசியத்தைத் தனியாக அளந்து சூட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். அதைக் கழித்த பிறகே ஆக்சிஜன் கணக்கு உப்பையும் பழைய பருவமழையையும் பற்றிப் பேசத் தொடங்குகிறது. காரைக் களிமண்ணை இதே இரட்டை அளவையால் அடுக்கடுக்காகப் படிப்பது பெரிய செலவு பிடிக்கிற காரியமும் அல்ல.

கடைசியாக ஒரு நடைமுறைத் தடை: உப்பு முக்கியமாகவே இருக்கட்டும், அதை அளக்கத்தான் இப்போது எல்லாம் வந்துவிட்டதே. ஆர்கோ மிதவைகள் நாலாயிரத்துக்குக் கிட்டத்தட்ட உலகக் கடல்களில் அலைகின்றன. பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டாயிரம் மீட்டரிலிருந்து மேலே வந்து வெப்பத்தையும் உப்பையும் செயற்கைக்கோளுக்குச் சொல்கின்றன. இந்தியாவின் மிதவைகளை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை மையம் பார்த்துக்கொள்கிறது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் விரிகுடாவில் மிதவைகளை நங்கூரமிட்டு வைத்திருக்கிறது. 2009-இலிருந்து உப்பை மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோள்களும் உண்டு. இவை வந்ததால்தான் இவ்வளவாவது தெரிந்தது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் விரிகுடாவின் நன்னீர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மூன்றும் கண்ணயர்கின்றன. வழக்கமான ஆர்கோ மிதவை மேற்பரப்பு அழுக்கு உணரியில் படியாமல் இருக்க, கடைசி ஐந்து மீட்டர் அளவில் பம்பை நிறுத்திவிடுகிறது. காற்று கலக்கும் மேலடுக்கே பத்து மீட்டர்தான் என்றால் பாதி போயிற்று. ஆழமற்ற கரைத்திட்டுக்கு அது வருவதும் இல்லை. செயற்கைக்கோளின் ஒரு புள்ளி நாற்பது கிலோமீட்டர் அகலம்; கரையை நெருங்கினால் நிலத்தின் கதிர்வீச்சு கலந்து அந்தப் புள்ளியே கெட்டுவிடும். நூறு கிலோமீட்டர் அகலமுள்ள கடலாற்றில் உருப்படியாகத் தேறுவது ஒரு புள்ளி, அதிகம் போனால் இரண்டு. நங்கூரமிட்ட மிதவைகள் பெரும்பாலும் ஆழ்கடலில் நிற்கின்றன. ஐப்பசியில் சென்னைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அந்த நன்னீர்ப் பட்டை அந்த ஆண்டில் எத்தனை மீட்டர் தடிமன், எத்தனை கிலோமீட்டர் அகலம், எந்த வாரத்தில் வந்தது என்பது, புயல் கிளம்பும் முன்பே முன்னறிவிப்பு மையத்தின் மேசையில் இருக்க வேண்டிய தகவல். அதற்கு ஐந்து நாளுக்கு ஒரு புட்டி நீர் கொடுக்கும் ஏழெட்டு மீனவ ஊர்களும், மாதம் இருமுறை கரையிலிருந்து நூறு கிலோமீட்டர் வரை நேர்கோட்டில் போய் ஒரு சின்ன சி.டி.டி.யை இறக்கி வரும் படகும் போதும். ஆழமாகப் போக வேண்டியதில்லை, நூறு மீட்டர் கேபிள் இருந்தால் சரி.